மூன்று அங்குலம்

மடவளைப் பாதையிலிருந்து நாற்பத்திரண்டு படி ஏறினால் வரும் வீட்டில் சித்தி றலியா குடியிருந்தார். வயது நாற்பத்தெட்டு, திரைச்சீலை தைப்பது தொழில். பயப்படுவதில் அந்தப் பக்கம் அவரை மிஞ்ச ஆளில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தரம் போய்ப் பார்ப்பார். மகள் நதா வரும் பஸ் பத்து நிமிடம் பிந்தினால் பாதையில் இறங்கி நிற்பார். போன வருடம் கேஸ் மணக்கிறது என்று சொல்லி ஆறு குடும்பங்களை வெளியே இறக்கிவிட்டார். தேடிப் பார்த்தால், கீழ்வீட்டுப் பாயிஸாவின் அலுமாரிக்குப் பின்னால் ஓர் எலி செத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு பாயிஸா அவரைக் கண்டாலே, "றலியா தாத்தா, இன்டைக்கு எனத்த மணக்குது?" என்று கேட்பாள். தாத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா.

கணவர் அமான் லொறி ஓட்டியவர். விழுந்து முதுகெலும்பில் ஒரு தட்டு விலகி எட்டு மாதமாக வீட்டில். கட்டிலில் ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் படுக்க முடியாது. "விழ மட்டும் கூடாது, இன்னொரு தரம் விழுந்தா நடக்கிறது கஷ்டம்" என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

துணியில் தொங்கு படுக்கை கட்டினால் முதுகுக்குச் சுகம் என்று யாரோ சொல்ல, தடித்த திரைச்சீலைத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்தார். வீட்டு முன்தூணுக்கும், முற்றத்தின் கீழ் விளிம்பில் நின்ற பலா மரத்துக்கும் இடையில் நைலோன் கயிற்றால் கட்டினார். இடைத்தூரம் சரியாகப் பன்னிரண்டு அடி. மழைக்கு மேலே ஒரு படங்கு.

முதல் தரம் உடுப்புக் காயப்போடும் கயிறு போல இழுத்துக் கட்டிவிட்டார். துணி இரண்டு பக்கமும் எழும்பி அமானின் தோளை நெருக்கியது. "சுருட்டின ரொட்டி மாதிரி ஈக்கிறேன்" என்றார் அமான். தளர்த்திக் கட்டினால் இடுப்பு நிலத்தில் முட்டியது. அப்போதுதான் நதா தன் பாகைமானியைக் கொண்டு வந்தாள். அதில் ஒரு நூலையும் நூல் நுனியில் ஒரு பொத்தானையும் கட்டித் தொங்கவிட்டு, விளிம்பைக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள்.

"உம்மா, முப்பது பாகை வரணும். வாப்பா நேராப் படுக்காம கொஞ்சம் கோணலாப் படுத்தா முதுகு சமனா ஈக்கும்."

முப்பதுக்குக் கட்டினார்கள். உட்கார்ந்தால் கால் நிலத்தில் படும், கதிரை உயரம்தான். அமான் கோணலாகப் படுத்தார். இரண்டு மணித்தியாலம் தூங்கினார். றலியா பக்கத்தில் முடிச்சுகளைப் பார்த்தபடியே இருந்தார். அவிழ்ந்தால்? அறுந்தால்? கடைசியில் முடிச்சு வழுகினால் தெரியட்டும் என்று கயிற்றில் முடிச்சோடு ஒட்டிச் சிவப்பு நூலால் இரண்டு தையல் போட்டார். அதன் பிறகு ஒவ்வொரு காலையும், அமான் படுத்தவுடன் பாகைமானியை வைத்துப் பார்ப்பது வழக்கமானது. அமான் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. விடாமல் நாலு நாள் பெய்தது. ஐந்தாம் நாள் காலை அமான் படுக்கையில் உட்கார்ந்தவர், "கால் எட்டுதில்லையே" என்றார்.

றலியா பாகைமானியை வைத்தார். இருபத்தெட்டு. சிவப்புத் தையல் போட்ட இடத்திலேயே இருந்தது, முடிச்சு அசையவில்லை.

"மழைக்குக் கயிறு சுருங்கீக்கும்."

"நைலோன் நனைஞ்சா சுருங்காது. இளகத்தான் செய்யும்" என்றார் றலியா. துணியோடும் கயிற்றோடும் முப்பது வருடம் பழகியவர் அவர். தையல் அளவுநாடாவை எடுத்துத் தூணிலிருந்து மரம் வரை இரண்டு தரம் அளந்தார். இரண்டு தரமும் பன்னிரண்டு அடி மூன்று அங்குலம்.

குடையோடு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். பலா மரத்துக்கு இந்தப் பக்கம், புல்லுக்குள்ளே விரல் அகலத்தில் ஒரு வெடிப்பு வளைந்து போனது. கூரைத் தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது? கீழே எங்கும் வெளியே வரவில்லை. மரத்துக்கு நேர் கீழே பாயிஸாவின் வீடு.

கிராம சேவகருக்குப் போன் எடுத்தார். லைன் கிடைக்கவில்லை. அமானை நதாவின் தோளில் சாய்த்துப் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் கீழே போனார்.

பாயிஸா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் பஹீம் போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான்.

"மரம் மூணு அங்குலம் நகந்தீக்கிது. பிள்ளைகளையும் கூட்டிட்டு எறங்குங்க."

"மரம் நடக்குதா தாத்தா?" என்று பாயிஸா சிரித்தாள். "இந்த மழைக்குள்ள எங்க போற? எலி செத்தீக்கும், நல்லாப் பாருங்க."

றலியா திரும்பிப் போகவில்லை. வாசற்படியில், மழையில், மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க எறங்கும்வரைக்கும் நான் இங்கதான்."

முதுகுக்குப் பின்னால் அந்த மேடு மூச்சு விடுவதுபோல் இருந்தது அவருக்கு. ஒரு ஓலை விழுந்தாலும் உடம்பு தூக்கிப்போட்டது. தெரிந்த ஓதல்கள்கூட பாதியில் மறந்து மறந்து போயின. எழுந்து ஓடிவிடலாம் என்று எத்தனை தரம் நினைத்தார் என்பதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அரை மணித்தியாலம் கழித்துப் பாயிஸா வெளியே வந்தாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வயதில் மூத்த மனுசி தன் வாசலில் நனைந்து நடுங்குவதைப் பார்த்து நிற்கத்தான் முடியவில்லை.

"எழும்புங்க தாத்தா, வாறோம். ஒங்கட தொல்ல தாங்கேலா."

அன்று ஒன்றும் நடக்கவில்லை. இரவும் நடக்கவில்லை. மறுநாள் காலை மழை விட்டு வெயிலும் அடித்தது. பள்ளிவாசல் மண்டபத்தில் பாயிஸா பாயைச் சுருட்டியபடி எல்லாருக்கும் கேட்கும்படி ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். றலியா தலை குனிந்திருந்தார். பஹீம் அரிசியும் பிள்ளைகளின் உடுப்பும் எடுத்து வரப் போனான். றலியா பின்னாலேயே ஓடி அவன் கையைப் பிடித்தார். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டு போனான்.

பத்து மணி இருக்கும். பெரிய இடிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நிறையக் கிளைகள் ஒன்றாக முறிவதுபோல் ஒரு சத்தம், பிறகு பச்சை மண் வாசம். றலியாவின் முற்றமும் முன்தூணும் பலா மரமும் சேர்ந்து இறங்கிப் பாயிஸாவின் வீட்டை மூடின. பஹீம் அரிசி மூட்டையோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தான். மண்ணின் ஓரம் அவனை அடித்துப் பாதையில் தள்ளியது. காறை எலும்பு முறிந்தது, உயிர் தப்பியது. பாயிஸா அவனைக் கண்டபோது கத்தவில்லை. றலியாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

மண்சரிவு பார்க்க வந்த அலுவலர்கள் அந்த மேட்டில் இனி யாரும் இருக்கக்கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். றலியாவின் குடும்பம் வத்தேகமப் பக்கம் சமதரையில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனது. பாயிஸா குடும்பத்தோடு தன் வாப்பா வீட்டுக்குப் போனாள். அதுவும் ஒரு சரிவுதான்.

றலியாவின் பயம் தீரவில்லை. வேறு மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். முன்பு அவர் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். இப்போது வானம் கறுத்தால் போதும், போன் அடிக்கத் தொடங்குகிறது. வேறு சரிவுகளில் குடியேறிய பழைய அயலவர் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்: "தாத்தா, எறங்கவா, ஈக்கவா?" இருங்கள் என்று சொல்லி ஏதாவது நடந்துவிட்டால்? அந்த நினைப்பில் சோறு இறங்காது. அதனால் எல்லாருக்கும் எறங்குங்க என்றே சொல்லி வந்தார். அவர்கள் ஏழு தரம் இறங்கினார்கள், ஏழு தரமும் ஒன்றும் நடக்கவில்லை.

போன வைகாசியில் ஒரு பின்னேரம் பாயிஸா எடுத்தாள். அங்கே மழை கூரையில் விழும் சத்தம் போனில் கேட்டது. அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது பாயிஸா" என்றார் றலியா. "நெசமாத் தெரியாது. பயமா ஈக்கிது, அவ்வளவுதான்."

"அது போதும் தாத்தா" என்றாள் பாயிஸா. பிள்ளைகளைச் செருப்புப் போடச் சொல்லும் குரல் கேட்டது. பிறகு கதவு பூட்டும் சத்தம்.