மங்கையர்க்கரசியின் கட்டைவிரல்

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. என் பேத்தி நிவேதா செல்போனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஆயா, அரசி மேடம் போயிட்டாங்களாம். காலையில நெஞ்சு வலின்னாங்களாம்." அன்று அந்த அரசியிடம் வைத்தியத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். "எறங்கிடலாமா ஆயா?" என்றாள். "எறங்கி எங்க போறது? அவுங்க வூட்டுக்குத்தான் போவணும்" என்றேன். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலில் நின்றால் உள்ளே வருகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். அவள் நினைவாக எழுதும் இதில் பிழையிருந்தால், அவளை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மங்கையர்க்கரசி சிதம்பரத்தில் பிசியோதெரபி பார்த்தவள். ஓடுகிற பிள்ளைகளுக்கு அரசி மேடம். என் பேத்தி செம்மண்டலத்திலிருந்து விடிவதற்குள் கிளம்பிப் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவள். எங்கள் தெருவில் அப்படி யாரும் ஓடுவதில்லை, ஆண் பிள்ளைகள் உட்பட. அவளுக்குக் கெண்டைக்கால் சதை பாதி ஓட்டத்தில் இறுகிப்போய் நொண்ட ஆரம்பித்தாள். மாநில அணித் தேர்வு வரப்போகிற நேரம். அரசி காலைத் தடவிப் பார்த்து ஒரே இடத்தில் விரலை வைத்தாள். பிள்ளை குதிகால் வரை துடித்தாள். "கட்டியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சதைக்குள்ள ஒரு இழை மட்டும் இறுகிப்போயி முடிச்சாட்டம் நிக்குது. ட்ரிக்கர் பாயிண்ட்டுன்னு சொல்லுவோம்" என்றாள்.

அப்போது அவள் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தாள். இதே வலியோடு வரும் ஓட்டக்காரர்களில் சிலருக்குக் கட்டைவிரலால் அந்த முடிச்சை அழுத்திப் பிடிப்பது, சிலருக்கு மெல்லிய ஊசி, சிலருக்கு வெறும் தசை நீட்டும் பயிற்சி. எது உண்மையாகக் குணமாக்குகிறது என்று ஒப்பிட வேண்டும். யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தாள். நிவேதாவுக்குப் பயிற்சி வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, மத்த புள்ளைங்களுக்கு ஊசி, எம்புள்ளைக்குச் செவுத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதா?"

"எது ஒசத்தின்னு எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா சீட்டு எதுக்குப் போடறேன்? வேணாம்னா அவ எப்ப வேணா வெளிய வந்துடலாம். ஆனா அத அவதான் சொல்லணும், நீங்க இல்ல."

நிவேதா என் பக்கமே திரும்பாமல், "இருக்கேன் மேடம்" என்றாள்.

சில வாரம் கழித்து எல்லோருக்கும் வலி குறைந்திருந்தது. அரசிக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது. பிள்ளைகளையும் கூட வந்தவர்களையும் உட்காரவைத்து, "உண்மையச் சொல்லுங்க, வூட்ல யார் யார் எண்ணெய் காய்ச்சித் தேச்சீங்க?" என்று கேட்டாள். முதலில் நான் கையைத் தூக்கினேன். பிறகு பார்த்தால் அறையில் எல்லாக் கையும் மேலே. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு அப்பா, "தேய்க்காம எப்படி மேடம் இருக்கிறது, புள்ளையாச்சே" என்றார். அரசி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "போச்சு, அத்தனையும் போச்சு! எதுல கொணமாச்சுன்னு இனிமே எப்படித் தெரியும்?" என்றவள், இனி எண்ணெய் கூடாதென்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து சீட்டுப் போட்டாள். இந்த முறை நிவேதாவுக்குக் கட்டைவிரல் வந்தது.

அரசியின் விரல் பட்டதும் பிள்ளை பல்லைக் கடிப்பாள். அரசி விடாமல் பிடித்திருப்பாள். சதை தானாக இளகும். நிவேதா நொண்டாமல் ஓடத் தொடங்கினாள். "ஒங்க கை ராசிம்மா" என்று நான் பெருமையாகச் சொன்னதற்கு அரசி கோபித்துக்கொண்டாள். "அப்படிச் சொல்லாதீங்க. என் கையில மட்டும் ஆச்சுன்னா அது வைத்தியமே இல்ல. யார் கையிலயும் ஆவணும்."

துக்க வீட்டில் நிற்கும்போதும் எனக்குப் பேத்தியின் காலைப் பற்றிய கவலைதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தேர்வு நெருங்குகிறது, முடிச்சு முழுதாக விடவில்லை, இனி யார் கை வைப்பார்கள்? அரசியோடு வேலை பார்த்த சரவணன் என்கிற தம்பி, காரியம் முடிந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டனுப்பினான். "அவுங்க காட்டிக் குடுத்த மாதிரியேதான் செய்வேன். இஷ்டமில்லாதவங்க போவலாம்" என்றான். நிவேதா மேசையில் ஏறிக் குப்புறப் படுத்துக் காலை நீட்டினாள்.

அந்தத் தம்பியின் விரல் தடித்த விரல். முடிச்சைத் தேடி இப்படியும் அப்படியும் அலைந்தது. என்னால் நிற்க முடியவில்லை. கதவுக்கும் மேசைக்கும் நடந்தேன். குணமாகவில்லை என்றால் பிள்ளையின் ஓட்டம் போயிற்று. குணமானால் அரசி இல்லாமலே ஆகிவிட்டது என்றாகும். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்கதானே?"

"ஆங்... அங்கதான் சார்."

அவன் பிடித்தான். வெகுநேரம் பிடித்திருந்தான்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"எளகுது சார். ஆயா, எளகுது!"

வெளியே வந்து அழுதேன். அவள் சொன்னதுதான் சரி. அவள் கையிலிருந்து அது வெளியே வந்துவிட்டது.

அவளைப் போல் "நான் இல்லை, முறைதான்" என்று சொல்கிற மனசு எனக்கு வராது. நான் பெருமை பேசுகிறவள். அதனால் அவளிடமிருந்து ஒன்றைத்தான் வைத்துக்கொள்கிறேன், அவள் பெயரை. நிவேதா ஓடும்போது, காலை யார் சரி செய்தது என்று கேட்பார்கள். சரவணன் பெயரையும் சொல்வேன். ஆனால் மங்கையர்க்கரசி என்று முதலில் சொல்வேன், முழுப் பெயராக. வேண்டாம் என்று தடுக்க அவள் இப்போது இல்லை.