காக்கைக்குப் பிடிக்காத அடுப்பு

அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அரசாங்கம் எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும் சீவலப்பேரி முழுக்க எடுத்துச் சொல்லி ஆள் சேர்ப்பார். எங்கள் வீட்டுக்கு ஒன்று வந்தால் மட்டும் முகம் சுண்டிவிடும். "நாம என்ன இல்லாதப்பட்டவங்களா" என்பார். நிலமெல்லாம் கைவிட்டுப் போய், டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவரின் கேள்வி அது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒன்றிய அலுவலகத்தார் பழைய வீடுகளுக்கு மானியத்தில் புகையில்லா அடுப்பு கட்டிக்கொடுத்தார்கள். அம்மா அவரைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். எங்கள் அடுப்படிக்குச் சன்னல் கிடையாது. கண்ணைக் கசக்கிக்கொண்டும் இருமிக்கொண்டும்தான் சமைப்பாள். வந்த ஆட்கள் இரண்டு குழி அடுப்பைக் கட்டி, ஓட்டைப் பிரித்து, தொப்பி போட்ட சிமெண்டுக் குழாயை மேலே நீட்டிவிட்டுப் போனார்கள். விறகுச் செலவு குறைந்தது. அம்மா சமைக்கும்போது பாடக்கூட ஆரம்பித்தாள், அது வேறு கதை.

அப்பா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "வீட்டுக்குக் கொம்பு முளைச்சிருக்கு" என்றார்.

குழாய் நின்ற இடம்தான் வம்பாகிப் போனது. அதையொட்டிய ஓட்டு விளிம்பில்தான் காலங்காலமாகக் காக்கைக்குச் சோறு வைப்போம்.

ஆடி அமாவாசை அன்று அப்பா ஆற்றில் குளித்து, தர்ப்பணம் முடித்து, வெறும் வயிற்றோடு வந்தார். காக்கை எடுத்த பிறகுதான் அவர் சாப்பிடலாம். இலைத்துண்டில் சோறும் பருப்பும் வைத்துக் "கா கா" என்று கூப்பிட்டார். உள்ளே பாயசம் கொதிக்க, குழாய் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. காக்கைகள் முருங்கை மரத்தில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. ஒன்று பக்கத்து வீட்டில் வைத்ததைத் தின்றுவிட்டு, மிச்ச வேடிக்கைக்குத் திரும்பி வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"கிணத்துச் சுவர்ல வைங்களேன்" என்றேன்.

"எங்க தாத்தா காலத்துலருந்து இங்கனதாம்லே வைக்கோம்."

நேரம் ஆக ஆகப் பசி கோபமாயிற்று. அடுப்படி வாசலில் போய் நின்றார். "நாளைக்கே குழாயைப் பிடுங்கிருவோம். பழைய அடுப்பே இருக்கட்டும். செத்துப்போன எங்க அம்மை சாப்பிட வரமாட்டேங்கா."

அவர் எது சொன்னாலும் தலையாட்டுகிற அம்மா, கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தை இந்த அடுப்படிலதான் இருமி இருமிச் செத்தாவ. மறுபடியும் புகைக்குள்ள வாங்கன்னு கூப்பிட்டா எப்படி வருவாவ? குழாயைப் பிடுங்கணும்னா பிடுங்குங்க. நாளையிலருந்து நீங்க உள்ள உக்காந்து அடுப்பு ஊதுங்க."

அப்பா அடுப்படியின் கரி படிந்த சுவரைப் பார்த்தார். பிறகு இலைத்துண்டை எடுத்துக்கொண்டு பைய கிணற்றடிக்குப் போனார். சுவரில் சோற்றை வைத்துவிட்டு, "எம்மா, சாப்பிட வா" என்று கூப்பிட்டார்.