முடிச்சுக்காரரின் மணிக்கட்டு

பார்சல் கொட்டகையில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. முடிச்சுக்காரர், அவ்வளவுதான். அவர் கட்டிய மூட்டை லாரியிலிருந்து உருண்டு விழுந்தாலும் பிரியாது. "உன் முடிச்சை அவுக்கணும்னா உன்னையேதாம்பா கூட்டிட்டுப் போகணும்" என்று லாரிக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

அந்தப் பெருமைதான் அவருடைய வலது கையைக் காவு வாங்கப் பார்த்தது.

மூட்டை தூக்கும்போது நெஞ்சை அடைத்ததால் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு இதயத்தைப் பார்த்தார்கள். பெரிய அடைப்பில்லை, மாத்திரை போதும் என்றார்கள். துளை போட்ட இடத்தில் ஒரு கட்டு. மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா தலை நிமிராமல் சொன்னார்: "கட்டை அவுக்காதீங்க. ரத்தம் வராம பாத்துக்கங்க. அடுத்தது யாரு?"

பஸ் குலுங்கியதில் கட்டின்மேல் கடுகளவு சிவப்பு தெரிந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கடுகு அவர் கண்ணுக்குப் பூசணிக்காயாகிவிட்டது. இதயம் வரை போன வழியல்லவா, திறந்துகொண்டால் என்ன ஆவது? பெட்டி கட்டும் நாடாவை எடுத்தார். கட்டின்மேல் சுற்றி, ஒரு முனையை மனைவியின் கையில் கொடுத்து, மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்து, பேர்போன தன் முடிச்சைப் போட்டார்.

"இப்ப வரட்டும் பாக்கலாம்!"

வரவில்லை. வெளியேயும் வரவில்லை, விரல்களுக்கும் போகவில்லை.

மத்தியானம் அசந்து தூங்கி எழுந்தவருக்கு டீ கொடுத்தாள் மனைவி. டம்ளர் கையைவிட்டு நழுவித் தரையில் உருண்டது. சூடான டீ விரல்மேல் கொட்டியும் அவருக்கு உறைக்கவில்லை. அவள் பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, கை இப்படி ஜில்லுன்னு கெடக்கு?"

"ஒருக்களிச்சுப் படுத்திருந்தேன், மரத்துப்போச்சு. சும்மா இரு."

அவள் சும்மா இருக்கவில்லை. முடிச்சு நகத்துக்கு அசையாமல் போகவே கத்தரிக்கோலை நுழைத்து நாடாவை வெட்டினாள். விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. அவர் இடது கை விரலால் மணிக்கட்டில் நாடியைத் தேடினார். இல்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. இல்லை. மனைவி தொட்டுப் பார்த்த மறுகையில் அது குதிரைபோல ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டகையில் ஒற்றைக் கையோடு நிற்கும் தன்னை நினைத்துப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வேணாம். கைய எடுத்துடுவாங்க."

"போகலேன்னா அதுவா போயிடும். எழுந்திரிங்க!"

ஆட்டோவில் வழிநெடுக அந்தக் கையை அவள் தன் இரு கைகளுக்குள் பொத்தி வைத்திருந்தாள். அவள் பிடித்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அதே வார்டு, அதே நர்ஸம்மா. நாடா அழுத்திய தடத்தைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார். "யாருங்க இப்படிக் கட்டினது? கொஞ்சமாவது அறிவு வேணாம்?"

அவர் தலை குனிந்தார். மனைவி குனியவில்லை.

"அவுக்காதேன்னீங்க. இறுக்காதேன்னு சொன்னீங்களா? வெரல் சில்லிட்டா ஓடிவான்னு சொன்னீங்களா? ரெண்டு வார்த்தைம்மா. அதுக்குக்கூடவா நாங்க லாயக்கில்ல?"

காரணத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு கட்டளையை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறவர்கள், பிறகு வாங்கிப் போனவனுக்கு அறிவில்லை என்கிறார்கள். இந்த அநியாயத்துக்கு எந்த வார்டிலும் மருந்து வைத்திருப்பதில்லை.

டாக்டரம்மா ஸ்கேன் கருவியை மணிக்கட்டில் வைத்தார். சுண்டுவிரல் பக்கம் உஸ், உஸ் என்று ஓட்டம் கேட்டது. கட்டைவிரல் பக்கம் நகர்த்தியதும் பேச்சுமூச்சில்லை. "இங்க ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு."

"கைய எடுத்துடுவீங்களா தாயி?"

"கைக்கு ரத்தம் ரெண்டு குழாயில வருது. இது அடைச்சாலும் அது காப்பாத்தப் பாக்கும். ஊசி போடுறேன். விரல் சூடாகுதான்னு பாத்துட்டுத்தான் எதையும் சொல்ல முடியும்." சற்றுத் தயங்கிவிட்டுச் சேர்த்தார்: "நாங்க சொல்லி அனுப்பியிருக்கணும்."

காத்திருந்தார். கண் அந்த விரல்களைவிட்டு அகலவில்லை. நுனி கறுப்பதுபோலத் தெரியும், உற்றுப் பார்த்தால் நிழலாக இருக்கும். விளக்கு போடும் நேரத்தில் ஆயிரம் ஊசி குத்தியதுபோல் கை வலித்தது. "ஐயோ!" என்று அலறினார். டாக்டரம்மா முகம் மலர்ந்தது. "கத்துங்க, நல்லாக் கத்துங்க. ரத்தம் வருது."

விரல்கள் பிழைத்துக்கொண்டன. மணிக்கட்டில் மட்டும் நாடி திரும்பவில்லை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். உறையாமலிருக்க மருந்து தொடர வேண்டும், மறுபடி வந்து காட்ட வேண்டும். இடது கை விரல் அந்த ஊமை இடத்தைத் தடவியபடியே இருந்தது.

மறுநாள் எதிர்க் கட்டிலில் ஒருவர் வீட்டுக்குக் கிளம்பினார். வலது மணிக்கட்டில் அதே வெள்ளைக் கட்டு. பையை எடுத்துக்கொண்டு கதவை நெருங்கிவிட்டார்.

"ஐயா!" முடிச்சுக்காரர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. "வெரல் சூடா இருக்கா?"

அந்த மனிதர் திகைத்து நின்றார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகத் தன் விரல்களைத் தொட்டுப் பார்த்தார்.