கதவுக்குப் பின்னால் மாட்டிய தூக்கம்

படகுத்துறையில் பயணிகளை ஏற்றி உட்கார வைப்பவரைத் தீவில் எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். படகு ஒரு பக்கம் சாயாமல் ஆட்களைப் பிரித்து உட்கார வைப்பது அவர் வேலை. அதற்கு ஆளின் கனத்தை மட்டும் பார்த்தால் போதாது. யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரை அருகருகே உட்கார வைத்தால், காற்றே இல்லாவிட்டாலும் படகு ஆடும்.

இதைப் பார்த்துத்தான் ஓவிய ஆசிரியை அவரைப் பிடித்தார். ஊர்க்காரர்கள் வரைந்த படங்களை நூலக மாடியில் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள். எதை எங்கே மாட்டுவது என்று தராசு முடிவு செய்ய வேண்டும். போன வருடம் ஆசிரியையே மாட்டி, பாதி ஊரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

தராசுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கோபதாபங்களைப் பற்றி எல்லாம் தெரியும். வந்த படங்களில் பெரும்பாலானவை கலங்கரை விளக்கம். ஊரில் நிமிர்ந்து நிற்பது அது ஒன்றுதான். தையற்காரர் வரைந்ததில் அது அளவெடுத்துத் தைத்த மாதிரி மெலிந்திருந்தது. அவருடைய சகலை வரைந்ததில் தொப்பை போட்டிருந்தது. இரண்டு பேருக்கும் ஆகாது. நடுவில் மருந்துக்கடை அம்மாவின் பூசணிக்காயை மாட்டினார். அந்த அம்மா படகிலும் அப்படித்தான், யாருக்கு நடுவிலும் உட்காருவார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, தன் மனைவி வரைந்து கொடுத்திருந்த படத்தைச் சுற்றியிருந்த தாளைப் பிரிக்கும் வரை. இதுவும் கலங்கரை விளக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். படத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சாய்வு நாற்காலியில், வாயைப் பிளந்து, பனியன் தொப்புளுக்கு மேலே ஏறிக் கிடக்க. குறட்டையைக்கூட வரைந்துவிட்டாளோ என்று அவருக்குத் தோன்றியது.

இதே வாயால்தான் தினமும் ஊரையே தள்ளி உட்காரச் சொல்லி அதட்ட வேண்டும். இதைப் பார்த்த பிறகு எவன் மதிப்பான்? ஆசிரியை திரும்புவதற்குள் படத்தை வாசற்கதவுக்குப் பின்னால் மாட்டி, கதவை அகலத் திறந்து, ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். யாராவது கேட்டால் சொல்லப் பதிலும் தயார்: சொந்தப் பெண்டாட்டி படத்தை நடுவில் மாட்டினால் ஊர் என்ன பேசும்?

மறுநாள் மாலை மனைவி இஸ்திரி போட்ட புடவையில் வந்தாள். சுவரோரமாக ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனாள். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள், தான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டதைப் போல. கடைசியில் அவரிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"என்னங்க, என் படம் அவ்வளவு மோசமா?"

தயாராக இருந்த பதிலை விட்டுவிட்டு அவர் உண்மையைச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சனை. அச்சு அசல் நானேதான்."

"வேற யாரை வரையறது? நான் பார்க்கிறப்போ அசையாம கிடந்தது நீங்க ஒருத்தர்தான். அதட்டாம இருந்ததும் அப்பத்தான்."

தராசு போய்க் கல்லை நகர்த்திக் கதவைச் சாத்தினார். படம் வெளியே வந்தது. ஆனால் சாத்திய கதவைப் பார்த்து, கண்காட்சி முடிந்துவிட்டதென்று ஆட்கள் படியிலிருந்தே திரும்பத் தொடங்கினார்கள். வேறு வழியில்லை. அவரே கதவருகில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் திறந்துவிட்டு, உடனே சாத்தினார். சாத்தும் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். படத்தைப் பார்த்தார்கள். பக்கத்திலேயே நின்ற அவரைப் பார்த்தார்கள்.

படகில் தினமும் அவரிடம் திட்டு வாங்கும் பால்காரருக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

"தராசு அண்ணே, கொஞ்சம் கண்ணை மூடுங்க. சரியா வந்திருக்கான்னு பார்த்துக்கிறேன்."

சுற்றி நின்றவர்கள் அவருடைய அதட்டலுக்குக் காத்திருந்தார்கள். தராசு கூடத்தின் மறு கோடியைப் பார்த்தார். அவருடைய வாயை எப்படி வரைந்தேன் என்று மனைவி ஆசிரியைக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணை மூடினார். வாயையும் திறந்தார்.