நனையாத பதினேழு துண்டுகள்

அருவியைக் காட்டப் பேச்சே வேண்டாம், கோபுரத்தைக் காட்டப் பேசாமல் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பிழைப்பதுதான் தென்காசியில் டூரிஸ்ட் கைடு வேலை. ஒன்பது வருஷமாக அதைத்தான் பார்க்கிறேன். பதினேழு சீட் வேன், டிரைவர் மாரித்துரை, முன் சீட்டில் மைக்கோடு நான். ஒரே நாளில் மூன்று அருவி, இலஞ்சி முருகன் கோயில், தென்காசி பெரிய கோயில். வருகிறவர்களுக்கு அருவி போதும். எனக்கோ அந்த ஒன்பது நிலைக் கோபுரத்தைக் காட்டாமல் அனுப்பினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கேட்க விருப்பமில்லாத ஆட்கள் முன்னால் நின்று பேசிப் பிழைக்கிறவர் யாராக இருந்தாலும், வாத்தியாரோ, இன்சூரன்ஸ் ஏஜென்டோ, கல்யாண வீட்டில் வாழ்த்துரைக்கு நிற்கிறவரோ, உங்களுக்கு என் கஷ்டம் புரியும். நம்ம ஆட்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

காடை சாப்பிட்ட வாய்

எங்கள் பழைய புரோகிராம் இது: காலையில் அருவி, மத்தியானம் செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டா, சாயங்காலம் நடை திறந்ததும் கோயில். பேப்பரில் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அருவியில் குளித்துவிட்டு வருகிறவனுக்கு என்ன பசி பசிக்கும் என்று உங்களுக்கே தெரியும். பரோட்டாவோடு நிறுத்துவானா? காடை, பெப்பர் சிக்கன், நாட்டுக்கோழி என்று ஒரு வெட்டு வெட்டுவான். அப்புறம் கவுச்சி சாப்பிட்ட வாயோடு கோயிலுக்குள் எப்படிப் போவது?

விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, பன்னிரண்டு பேர். கோபுரத்துக்கு எதிரே வேன் நின்றது. நான் இறங்கி, வாங்க வாங்க என்று கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒருத்தர்கூட அசையவில்லை. பாதிப் பேர் தூக்கம். மீதிப் பேர் ஜன்னல் வழியாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் மீசையைத் துடைத்தபடி ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "நாங்க காடை சாப்பிட்டுட்டோம் தாயி. நீங்க தயிர்சாதந்தான சாப்பிட்டீங்க, எங்களுக்கும் சேத்து உள்ள போயி பாத்துட்டு வந்துருங்க."

கெடு

இப்படி நாலு வேன் ஆனதும் புகார் முதலாளியிடம் போய்விட்டது. கோயில் வாசலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார வைத்தார்கள், அந்த நேரத்துக்கு ஐந்தருவியில் இன்னொரு குளியல் போட்டிருப்போம் என்று. முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். நல்ல மனுஷன். கோபம் வந்தாலும் குரல் ஏறாது, அதுதான் பயம். கோயிலை எடுத்துவிடலாம் என்றார். அப்படியென்றால் என் வேலை என்று கேட்டேன். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தபடி காலண்டரைப் பார்த்தார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்னால் வீரகேரளம்புதூரில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆறு வருஷம் நின்றவள் நான். ஆதார் கார்டு முன்பக்கம், பின்பக்கம். அடுத்த ஆள். முன்பக்கம், பின்பக்கம். அந்த மெஷின் முன்னால் மறுபடி நிற்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். அதனால் அண்ணாச்சியிடம் சண்டை போட்டேன், கெஞ்சினேன், சீசன் முடியும் வரை கெடு வாங்கினேன். அதற்குள் கோயிலைப் பற்றி இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் போதும், கோயிலும் கிடையாது, நானும் கிடையாது. அழாத குறையாக எழுந்தேன். அண்ணாச்சி ஆறுதலாகத்தான் சொன்னார்: "நீயே யோசிச்சுப் பாரும்மா. தண்ணி மேலருந்து கீழ விழுதுன்னு நீ மைக்ல சொல்லியா அவனுக்குத் தெரியணும்?"

எண்ணெய்த் தலை

மறுநாளே புரோகிராமைத் தலைகீழாக மாற்றினேன். முதலில் கோயில், அப்புறம் அருவி, அதற்கப்புறம் எத்தனை காடை வேண்டுமானாலும் தின்னுங்கள், யார் கேட்டது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு லாட்ஜ் வாசலில் போய் நின்றால், மதுரைக்காரர்கள் பத்துப் பேர் படியிறங்கி வருகிறார்கள். அரை டவுசர், கழுத்தில் துண்டு, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். அருவிக்கென்று எழுந்ததுமே தேய்த்து ஊற வைத்திருக்கிறார்கள். எண்ணெய் வழிகிற தலையோடும் டவுசரோடும் கோயிலுக்குள் நுழைய அவர்களுக்கே கூச்சம். அன்றைக்கும் கோபுரத்தை ரோட்டிலிருந்தே காட்டினேன். அதில் அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதிலிருந்து முதல் நாள் சாயங்காலமே ஒவ்வொருவருக்கும் போன் போட்டுவிடுவேன். தலையில் எண்ணெய் வேண்டாம், டவுசர் வேண்டாம், கவுச்சி மத்தியானத்துக்கு மேல்தான், துண்டு மட்டும் கையில் இருக்கட்டும் என்று ஒப்பிப்பேன். ராயகிரியிலிருந்து குடும்பத்தோடு வரவிருந்த ஒரு டீச்சரம்மா எல்லாவற்றையும் பொறுமையாக ஊம் கொட்டிக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் என்றார்: "நகம் வெட்டிட்டு வரணுமா டீச்சர்?"

ஒன்பது நிலையும் ஒரே படத்தில்

போன் பலித்தது. ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். இறங்கினார்களே தவிர பார்த்தார்களா என்றால், போன்தான் பார்த்தது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு இளைஞருக்குக் கோபுரம் முழுசாகப் படத்தில் விழவில்லை. அடி தெரிந்தால் கலசம் தெரியவில்லை, கலசம் தெரிந்தால் அடி தெரியவில்லை. பின்னால் நகர்ந்து, நகர்ந்து, தெருவுக்கே வந்து, குனிந்து, உட்கார்ந்து, கடைசியில் மல்லாக்கப் படுத்துவிட்டார். நான் ஓடிப்போய் எழுப்புவதற்குள் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை, தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "தம்பி, சாமிய விழுந்து கும்பிடணும்னா உள்ள போயி விழு. இங்கன பஸ்ஸு போணும்லா."

துண்டை இழுத்தது யார்

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கோபுர வாசலில் கிழக்கேயிருந்து நுழைந்தால் காற்று எதிரே வந்து முகத்தில் அடிக்கும். கோபுரத்தைத் தாண்டிச் சில எட்டு வைத்தால் அதே காற்று முதுகில் கை வைத்து உள்ளே தள்ளும். ஏன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் கட்டினவனை மனசில் கும்பிட்டுவிட்டு நடப்பேன். ஒன்பது வருஷமாகத் தொண்டை வறள இதைச் சொல்லியிருக்கிறேன். அப்படியா என்பார்கள், அடுத்தது எந்த அருவி என்பார்கள்.

சாரல் காற்று நல்லபடியாக வீசிக்கொண்டிருந்த ஒரு நாள், கோவில்பட்டி கடைக்காரர் ஒருவர் நான் பேசப் பேசக் கொட்டாவி விட்டபடி நுழைந்தார். அவர் தோளில் கிடந்த துண்டு பறந்து, பின்னால் வந்த அவர் சம்சாரத்தின் முகத்தில் போய் ஒட்டியது. அதை வாங்கி உதறிக் கையில் பிடித்தபடி நடந்தார். கொஞ்சம் தள்ளிப் போனதும் அதே துண்டு முன்பக்கமாக விறைத்து நின்றது. ஆள் நின்றுவிட்டார். திரும்பி வந்தார், துண்டு மறுபடி பின்பக்கம். உள்ளே போனார், முன்பக்கம். நாலு தடவை போய் வந்தார். நான் வாயே திறக்கவில்லை. என் சர்வீஸில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான். அவர் சம்சாரத்தைக் கைகாட்டிக் கூப்பிட்டார்: "ஏட்டி, இங்கன வந்து நில்லு. ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் நின்னு துண்ட இழுக்கானுவ பாத்தியா."

கயிறு கட்டிய ஞாயிறு

அதற்கப்புறம் என் விளக்கம் பாதியாகக் குறைந்தது. வாசலில் நின்று துண்டை எடுங்க என்பேன், அவ்வளவுதான். சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்வரை ஒரு புகார் கிடையாது. அப்போது வந்தார்கள் திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்கள், பதினேழு பேர். வருஷம் பூராவும் பேசிப் பேசி ஒரே ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு லீவு வாங்கிக் கிளம்பியவர்கள். அவர்களுக்குத் தலைவி சரோஜா அக்கா, தையல் பிரிவு சூப்பர்வைசர். ஆளுக்கொரு புது மஞ்சள் துண்டு, எல்லாம் அவர்களே ஓரம் அடித்தது. அன்றைக்குப் பார்த்து மலையில் மழை கொட்டி எல்லா அருவியிலும் வெள்ளம். போலீஸ் கயிறு கட்டி, குளிக்கத் தடை என்று சொல்லிவிட்டார்கள். செய்தி கேட்டு அண்ணாச்சியே லாட்ஜுக்கு வந்துவிட்டார். சரோஜா அக்கா சத்தம் போடவில்லை. குளிக்கத்தான் வந்தோம், குளிக்க முடியாதென்றால் ஊருக்குக் கிளம்புகிறோம், கோயில் எங்கள் ஊரிலும் இருக்கிறது என்றார். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்த ஜெராக்ஸ் மெஷினின் பச்சை வெளிச்சம் கண்ணுக்குள் ஓடியது.

ஒரு மணி நேரம் கொடுங்கள், துண்டோடு வாருங்கள், பிடிக்கவில்லை என்றால் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றேன். முறைத்துக்கொண்டுதான் வந்தார்கள். கோபுர வாசலில் வரிசையாக நிற்க வைத்துத் துண்டை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்கள். காற்று இல்லை. மழை விட்ட புழுக்கம், ஒரு நூல்கூட அசையவில்லை. பதினேழு துண்டும் தொங்குகிறது, பின்னால் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வேறு வழியில்லாமல் பேசினேன். என் அப்பா சின்ன வயசில் பார்த்தது இந்தக் கோபுரம் இல்லை, இடிந்துபோன மொட்டைக் கோபுரம், அதற்கப்புறம்தான் ஊர் கூடி நிலை நிலையாக மறுபடி ஏற்றியது என்றேன். இதை முதலில் கட்டிய பாண்டிய ராஜா, பின்னால் வந்து இதைக் காப்பாற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் விழுகிறேன் என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார் என்றேன். சரோஜா அக்கா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொத்தனார் காலிலும் விழுவாரா என்று கேட்டார். கொத்தனார் காலில்தான் முதலில் விழுவார் அக்கா என்றேன்.

அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது காற்று. ஓரத்துத் துண்டு லேசாகப் புரண்டது, அடுத்தது புரண்டது, அப்புறம் பதினேழும் படபடவென்று எங்கள் பக்கம் திரும்பி அடித்தன. உள்ளே நடங்கள் என்று கத்தினேன். நடந்தார்கள். துண்டுகள் தொய்ந்தன. இன்னும் சில எட்டு. பதினேழும் ஒன்றாக எதிர்ப்பக்கம் பறந்தன. துணியோடு பிறந்து வளர்ந்த ஆட்கள், துணி பொய் சொல்லாது என்று அவர்களுக்குத் தெரியும். கைதட்டினார்கள், வெளியே ஓடினார்கள், மறுபடி நுழைந்தார்கள். அப்புறம் தூண் தூணாகத் தடவிப் பார்த்து, நடை சாத்தும் நேரம் வரை வெளியே வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதற்கென்ன? சரோஜா அக்கா துண்டை ஓரம் சேர்த்து மடித்தபடி என்னிடம் வந்து சொன்னார்: "தண்ணி எங்கூர்லயும் கொழாயில வருதுங்க. இந்தக் காத்துதானுங்க எங்கயும் இல்ல."

அறுபதாவது வயசில்

எல்லாரும் வேனில் ஏறியாயிற்று, அண்ணாச்சியைக் காணோம். தேடிப் போனேன். கோபுர வாசலில் தனியாக, தன் வெள்ளைத் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கிறார். தென்காசியிலேயே பிறந்து அறுபது வருஷமாக அந்த வாசல் வழியே போய்வருகிறவர். கதவைச் சாத்த வந்த வாட்ச்மேன் பொறுமையாக ஓரமாய் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி செருப்பை மாட்டினார். வேன் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். கதவைத் திறந்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "போர்டுல கோயில மொதல்ல எழுதச் சொல்லும்மா. அருவிய மாரித்துரை காட்டட்டும், கோயிலுக்கு நீ இரு."

ஆக, ஒன்பது வருஷம் தொண்டை கிழியப் பேசியும் நான் காப்பாற்ற முடியாத என் வேலையை, குளிக்கக் கொண்டுவந்து நனையாமலே திரும்பிப் போன பதினேழு துண்டுகள் ஒரே காலையில் காப்பாற்றிக் கொடுத்துவிட்டன.