குப்புறப் போட்ட ஆக்ஸில்

போன வியாழக்கிழமை காலை. தங்க வயலில் எங்கள் சாம்பியன் ரீப்ஸ். என் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் ஆனது. முதல் கியர் போட்டு கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது.

பின்னால் டீக்கடை. பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து ஓடினார்கள். பிரேக் அடித்தேன். கியரை நான்தான் மாற்றிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று இரண்டாவது போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கடைசியில் ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன்...

முன்னால் போனது.

"இன்னாண்ணா, வண்டி திரும்பி ஆற்காட்டுக்கே போவுதா?" என்றார் டீக்கடைக்காரர்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நாலு கியர் பின்னால் போக, ஒரே ஒரு கியர் முன்னால் போக. இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு யாராவது மலை ஏற முடியுமா?

எனக்கு ஏறியாக வேண்டும்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். தங்க வயலுக்கு வெளியே ஒரு பாறை மேட்டில் சின்ன ஊர் இருக்கிறது. தார் ரோடு அடிவாரத்தோடு சரி. அதற்கு மேல் கல்லும் பள்ளமும்தான். தினமும் காலையில் காலி கேனோடு மேலே போவேன். பாலோடு கீழே வருவேன். பால் சங்கத்தில் இறக்குவேன். அதுதான் எங்கள் வீட்டுச் சோறு.

அதற்கு முந்தின சனிக்கிழமை, மேடு ஏறும்போது பாதியில் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை.

மேல் ஊரில் பால் பிடித்துக் கொடுப்பவர் முனிரத்னம்மா. தெலுங்குக்காரர். அன்றே போன் செய்தார்.

"அண்ணா, பண்டி எப்புடு ஒஸ்துந்தி?"

வண்டி எப்போது வரும்? எனக்கே தெரியாது. சீக்கிரம் என்றேன். அவர் தமிழுக்கு வந்தார். கோபம் என்றால் அவருக்குத் தமிழ்.

"பொம்பளைங்க எல்லாம் கேனைத் தலையில வச்சிக்கினு எறங்குறாங்க. டிராக்டர்காரன் இனிமே தினமும் வந்து நிப்பான். அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் என்னைக் கேக்காதே."

அடுத்த திங்கட்கிழமை. ஒன்பது நாள். அன்று காலையில் என் வண்டி மேலே நிற்கவில்லை என்றால் பால் லைன் டிராக்டருக்குப் போய்விடும். போனது திரும்பி வராது. நியாயம்தான். பால் எனக்காகக் காத்திருக்குமா?

வண்டியை உருட்டி இறக்கி, அடிவாரத்திலிருந்து கட்டி இழுத்து வந்தோம். மெக்கானிக் வேறு யாரும் இல்லை. செல்வம். என் மனைவியின் தம்பி. கை நல்ல கை. வாய் அதைவிடப் பெரிய வாய். பின் ஆக்ஸிலில் ஒரு குண்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைத் திறந்தான்.

"கிரவுன் போச்சு மாமா. பல்லு எல்லாம் கொட்டிக் கெடக்குது."

"வேற?"

"இந்த மாடலுக்கு வேற எங்க வருது? பெங்களூர்ல பழைய சாமான் கடையில சொல்லி வச்சிருக்கேன். எப்ப வரும்னு அவனுக்கே தெரியாது." கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "பக்கத்துல பாலகாட்ல ஸ்டீபன் அண்ணன் வண்டி சும்மா நிக்குதே மாமா."

"அது வேற கம்பெனிடா."

"இரும்புக்கு இன்னா மாமா கம்பெனி?"

இரண்டு கம்பெனியின் பேரும் சொல்லமாட்டேன். சொன்னால் இரண்டு கட்சியிலிருந்தும் ஆள் வரும். என்னுடையது பழைய ஜீப். ஸ்டீபன் அண்ணனுடையது அதைவிடச் சின்ன வண்டி. இரண்டுமே நாலு சக்கரமும் இழுக்கிற ஜாதி. அது போதும்.

ஸ்டீபன் அண்ணனுக்குப் பெங்களூரில் வேலை. இருட்டோடு ரயில் ஏறுவார். மிலிட்டரி ஏலத்தில் ஆசைப்பட்டு எடுத்த வண்டி அது. இன்ஜின் செத்துப்போன வண்டி. ரிட்டயர் ஆனதும் வேறு இன்ஜின் போட்டு, ரோஸி அண்ணியை உட்கார வைத்து வேளாங்கண்ணி போவதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதைக் கழுவுவார். ஓடாத வண்டிக்கு வாரம் தவறாமல் குளியல்.

"வேளாங்கண்ணிக்கு நல்ல தார் ரோடு போட்டு வச்சிருக்காங்க. இவருக்குப் பாறை ஏறுற வண்டி வேணுமாம்" என்பார் அண்ணி.

நானும் செல்வமும் போனபோது கழுவிக்கொண்டுதான் இருந்தார். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. கேட்டேன். அண்ணன் ஈரத் துணியோடு நின்றார்.

"பின் ஆக்ஸிலா?"

"ஆமாண்ணா."

"காலைக் கேக்கறியே ஏழுமல."

உள்ளேயிருந்து அண்ணி குரல் வந்தது. "குடுத்துடுங்க. நின்ன எடத்துலயே நிக்கறதுக்குக் கால் எதுக்கு?"

விலை என்று வாயெடுத்தேன். "பழைய இரும்புக் கடையா வச்சிருக்கேன்? கழட்டு" என்றார். துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். ஆக்ஸில் கழன்ற வண்டியின் பின்பக்கம் கருங்கல்லில் ஏறியது.

செல்வம் வேலையில் இறங்கினான். ஸ்பிரிங் பட்டை உட்காருகிற இடத்தை அறுத்தான். வெல்டிங் வைத்தான். எல்லாம் பொருந்தி வந்தது. ஒன்றைத் தவிர. என் வண்டியில் குண்டு ஒரு பக்கம். அண்ணன் வண்டியில் மறுபக்கம். கியர் பாக்ஸ் பக்கமிருந்து குண்டுக்கு ஓடுகிற ஷாஃப்ட் போய்ச் சேரவில்லை.

செல்வம் ஒரு பீடி குடித்து யோசித்தான். "ஆக்ஸிலைக் குப்புறத் திருப்பிப் போட்டா குண்டு இந்தப் பக்கம் வந்துடும் மாமா."

வந்தது. நேராக வந்து உட்கார்ந்தது. அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சுவர்க் கடிகாரத்தின் முள்ளை முன்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சுற்றும். பின்னாலிருந்து பார்க்க முடிந்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆக்ஸிலைக் குப்புறப் போட்டாலும் அதே கதைதான். சக்கரம் தலைகீழாகச் சுற்றும். இது எங்களுக்கு எப்போது புரிந்தது? டீக்கடைப் பெஞ்சு எழுந்து ஓடின பிறகு.

செல்வம் டயர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா... பின்னாடியே ஏறிட்டா இன்னா? நாலு கியர் கீதே."

"கழுத்தைத் திருப்பி வச்சிக்கினா பொறந்தேன்?"

பெஞ்சு மறுபடி சிரித்தது. ஆனால் சிரித்தவர்கள்தான் எழுந்து வந்து வண்டியைத் தள்ளிக் கொடுத்தார்கள். அதையும் சொல்லவேண்டும்.

மத்தியானத்துக்குள் செல்வம் வழி கண்டுபிடித்துவிட்டான். கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கும். இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. என் ஜீப்பில் அது கியர் பாக்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணன் வண்டியில் தனியாகத் தொங்குகிறது.

"அத்த எடுத்தாந்து தொங்கவிட்டா, ஆக்ஸிலை நேராவே போடலாம் மாமா. ஷாஃப்ட் அந்தப் பக்கம் தானா போய்ச் சேரும்."

"எடுத்தாந்தா? யாரு கேக்கறது?"

அவன் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஒருவரிடம் ஒருமுறை உதவி கேட்பது கஷ்டம். எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் கொடுத்த பிறகு, அது போதவில்லை என்று திரும்பப் போய் நிற்பது இருக்கிறதே... அதற்கு வெட்கத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன். அண்ணன் அப்போதுதான் ரயில் இறங்கி வந்திருந்தார். தோளில் பை. ஷூ கூடக் கழற்றவில்லை.

"பின்னாடி போச்சாமே?" என்றார்.

"யார் சொன்னது?"

"ட்ரெயின்ல எல்லாருக்கும் தெரியும். பங்காருபேட்டை தாண்டறதுக்குள்ள சொல்லிட்டாங்க."

விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அண்ணி காபியோடு வந்தார்.

"இன்னிக்குப் பெட்டி. அடுத்தது இன்னா, ஸ்டியரிங்கா? சொல்லிட்டுப் போங்க, தொடச்சி வைக்கறேன்."

அண்ணன் சிரித்தார். "கழட்டிக்கினு போ" என்றார். ஷூவைக் கழற்ற உட்கார்ந்தார்.

சனிக்கிழமை முழுக்க லேத்துப் பட்டறையில் போனது. பெட்டியை இணைக்க ஒரு தட்டு கடைந்து வாங்கினோம். ஆக்ஸிலை நேராக்கினோம். பெட்டியைத் தொங்கவிட்டோம். முதல் கியர் போட்டேன். வண்டி முன்னால் போனது. நம்பமாட்டீர்கள், முன்னால் போகிற வண்டியில் உட்கார்ந்து எனக்குக் கண் கலங்கியது.

செல்வம் முகம் மட்டும் சரியில்லை.

"இது ரெண்டு சக்கரத்துலதான் ஓடுது மாமா. மேட்டுக்கு நாலும் வேணும். முன்னாடி ஆக்ஸில் நம்மளுது. அதோட குண்டு அந்தப் பக்கம் கீது. அது போவட்டும்னு எப்படியாவது மாட்டினாலும், பல்லு கணக்கு வேற. முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம். பாறை மேல ரெண்டும் சண்டை போட்டு, பெட்டியை ஒடச்சிடும்."

அதாவது முன் ஆக்ஸிலும் அண்ணனுடையதே வேண்டும். பெண் எடுக்கிற மாதிரிதான் இதுவும். ஒருத்தியைக் கூட்டி வந்தோம் என்று நினைப்போம். அவள் அண்ணன் தம்பி சித்தப்பா எல்லோரும் பின்னாலேயே வருவார்கள். செல்வம் அப்படி வந்தவன்தான்.

"நான் வரல மாமா. எனக்கு மூஞ்சி இல்ல."

"எனக்கு மட்டும் ரெண்டு மூஞ்சியா கீது?"

அன்றைக்கே முனிரத்னம்மா போன். டிராக்டர்காரர் வந்து, கேன்களை எங்கே அடுக்கலாம் என்று அளவு எடுத்துக்கொண்டு போனாராம். "திங்கக்கிழமைன்னு சொல்லி அனுப்பிச்சேன். நான் சொன்னா சொன்னதுதான். நீ?" என்றார். நானும் என்றேன். சொல்லிவிட்டேன். ஆக்ஸில்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்துத் தனியாகப் போனேன். வண்டியில் போகவில்லை. அவர் வண்டியின் சாமானை மாட்டிக்கொண்டு அவர் வாசலிலேயே போய் நிற்க மனசு வரவில்லை. நடந்தேன். வழியெல்லாம் வார்த்தை யோசித்தேன். அண்ணா, இதுதான் கடைசி. இல்லை, அது சரியில்லை. அண்ணா, வேண்டாம் என்றால் வேண்டாம். அதுவும் சரியில்லை. வீடு வந்துவிட்டது. வார்த்தை வரவில்லை.

வாசலில் வாளி இல்லை. துணி இல்லை. அண்ணன் வண்டி முன்பக்கமும் கருங்கல்லில் ஏறி நின்றது. கீழே கோணி விரித்து, அதன் மேல் முன் ஆக்ஸில் கிடந்தது. சேறு சுரண்டி, எண்ணெய் துடைத்து. போல்ட் எல்லாம் ஒரு பழைய பால் டப்பாவில். அண்ணன் குழாயடியில் முழங்கை வரை கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை ஜன்னல் கம்பியில் தொங்கியது.

நான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் சொல்லாத" என்றார். "பெட்டியைக் குடுத்தப்பவே தெரியும். இது இல்லாம அது வேலைக்கு ஆவாது. நீ வருவ. அங்க நிப்ப. தரையைப் பாப்ப. எனக்கு அதைப் பாக்க முடியல ஏழுமல. அதான் காலைல முதல் பூசைக்கே போய்ட்டு வந்து கழட்டிட்டேன்."

"வேளாங்கண்ணி...?" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"மாதாவுக்கு ட்ரெயின்ல வந்தா ஆவாதா?" என்றார் அண்ணி. "நான் எப்பவும் ட்ரெயின்தான் கேட்டேன். இந்த ஆள்தான் பாறை பாறைன்னு..." பிறகு ஆக்ஸிலைப் பார்த்தார். "தூக்கிப் போறதுக்கு ஆள் கூப்பிடு. தனியா தூக்கி இடுப்பு ஒடச்சிக்காத."

மாட்டி முடிக்க ஞாயிறு முழுக்க ஆனது. செல்வம் வாயே திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை என்று என் மனைவி சொன்னாள்.

திங்கட்கிழமை காலை. அடிவாரத்தில் நிறுத்தினேன். நாலு சக்கரத்துக்கும் போட்டேன். முதல் கியர். ஏறினேன். முன்பு உடைந்த இடம் வந்தது. வண்டி ஒருமுறை முனகியது. பிறகு நாலு காலையும் ஊன்றி ஏறிவிட்டது. ஆடு ஏறுகிற மாதிரி.

முனிரத்னம்மா பால் கேன்களோடு நின்றிருந்தார். ஓரமாக டிராக்டரும் நின்றது. டிராக்டர்காரர் என் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.

"சொந்தக்காரங்களுது" என்றேன்.

பால் இறக்கிவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். ரயிலில் இருந்தார். ஒரே கூச்சல்.

"ஏறிச்சா?"

"ஏறிச்சுண்ணா."

"எங்கயும் திணறலையே?"

"இல்லண்ணா."

"ஏறிடுச்சாம்பா!" என்று அந்தப் பக்கம் யாரிடமோ கத்தினார். ரயில் பெட்டியே கைதட்டியது. "என் வண்டி பாறை ஏறிடுச்சு!" என்றார் இன்னொருவரிடம். என் வண்டி என்றுதான் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

நான் நன்றி சொல்லலாம் என்று இருந்தேன். லைன் கட் ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால், நான்தான் கட் செய்தேன். முகத்துக்கு நேராகவும் வருவதில்லை, போனிலும் வருவதில்லை. சிலருக்கு அப்படி. அண்ணன் இந்தப் பத்தியை ரயிலில்தான் படிப்பார். அதனால் இங்கே சொல்கிறேன். நன்றி அண்ணா.

படித்ததும் போன் செய்யவேண்டாம். எடுக்க மாட்டேன்.