கோணலாகப் போன கை

அந்தக் கருவியைத் தூக்கி ஆற்றில் வீசலாமா என்றுகூட அன்று நினைத்தேன்.

இலங்கையின் ஓப்பநாயக்கவில், நான் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தோள் இறுகியவர்களின் பயிற்சிக்காக ஒரு வி.ஆர். கண்ணாடி வந்தது; மாட்டினால் வேறோர் இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். மேசைமேல் வைக்கும் பெட்டி காந்தப்புலத்தைப் பரப்பும். கையிலுள்ள பிடி அதை உணர்ந்து, கை எவ்வளவு உயர்கிறது என்று திரையில் காட்டும். அருகில் இரும்பு இருந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

கொழுந்தெடுக்கும் செல்வமணியக்காவின் கை உயர்ந்தால்தான் அவருக்கு மறுபடி வேலை. அவர் தூக்கத் தூக்க, திரையில் கை விலாப்பக்கம் கோணிக்கொண்டு போனது. இரும்புக் கட்டிலை வெளியே தள்ளினேன். அப்படியும் சரிவரவில்லை.

“நேரா தூக்குங்கக்கா!”

“நேராத்தான் தம்பி தூக்குறேன். ஒங்க பொட்டிதான் கோணலு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

வலியில் அவருக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றி, முகம் துடைக்க மணிக்கட்டில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். ஓர் இரும்புத் துண்டு ‘டங்’கென்று விழுந்தது.

“ஐயோ, இது எதுக்குக்கா?”

“கண்ணைக் கட்டி எங்கயோ அனுப்புறீங்க. காத்து கருப்பு அண்டாம இருக்க இரும்பு வேணாமா?”

தலையில் அடித்துக்கொண்டேன். இரும்பில்லாமல் வரவே மாட்டேன் என்றார். கெஞ்சிக் கூத்தாடி, இரும்புக்குப் பதிலாக நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டேன். மறுபடி தூக்கினார். கை தோளைத் தாண்டி நேராக உயர்ந்தது.

எங்களுக்கு அது விளையாட்டுச் சாமான். வேறோர் இடத்துக்குப் போகிறோம் என்று உண்மையாக நம்பியவர் அவர் ஒருவர்தான். அவ்வளவு பயத்தோடும் வந்து உட்கார்ந்திருக்கிறார். இப்போதெல்லாம் கண்ணாடியை மாட்டுமுன், “பயமா இருக்கா?” என்று கேட்டுவிடுகிறேன்.